தோல் தொழிற்சாலையில் யார் படிக்க எழுதுகிறோம்?

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு கட்டு, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஒரு கட்டு, சரக்கு வாங்கும் ஐரோப்பிய ‘பையருக்கு’ இரண்டு கட்டு என்று அலமாரிகள் பிதுங்குகின்றன. ஆனால், சுண்ணாம்பு டிரம்முக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவருக்குப் புரியும்படி எழுதிய ஒரு பக்கத்தைத் தேடினால் பெரும்பாலான இடங்களில் கிடைக்காது.

இந்தப் பேச்சை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இருந்த இடத்தில் இப்போது அவற்றில் ஒன்றான புதிய தொகுப்பு இருக்கிறது. அதே ஆண்டு ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த மாடு எந்த நிலத்தில் வளர்ந்தது என்பதை வரைபடத்தில் காட்டும் அளவுக்கு விவரம் கேட்கும் விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் எழுதியது. அதன் அமலாக்கம் இரண்டு முறை தள்ளிப்போனது. இவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும்.

அந்த எழுத்து வேலைக்குச் சென்னையிலும் பெங்களூருவிலும் ஒரு பெயர் உண்டு: டெக்னிக்கல் ரைட்டிங். மென்பொருள் நிறுவனங்களில் அதற்குத் தனிக் குழு, தனிப் பதவி, பதவி உயர்வு எல்லாம் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளும் ரயிலேறிப் போய் அந்த வேலையில் சேர்கிறார்கள். சொந்த ஊரில் அதே வேலைக்கு மேசை இருக்கிறது, மரியாதை இல்லை. அந்த மரியாதைக் குறைவுக்கு விலை கொடுப்பவர் டிரம் அருகே நிற்பவர்தான்.

சல்பைடு மூட்டையும் பதினாறு பிரிவுகளும்

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். மஞ்சள் செதில்களாக மூட்டையில் வரும். அதற்குப் பிறகு சுண்ணாம்பைக் கழுவி எடுத்து, உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலை ஊறப்போட்டு, அதன் பிறகு குரோம் ஏற்றுவார்கள். தோல் நீலமாக வெளியே வரும்.

சல்பைடு கலந்த தண்ணீரும் அமிலம் கலந்த தண்ணீரும் தனித்தனியே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இரண்டும் ஒரே கால்வாயிலோ ஒரே தொட்டியிலோ சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். சகதியில் நாள்கணக்கில் அடைந்து கிடந்து, மிதித்துக் கிளறும்போது மேலே வரும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடி, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று ஒருவர் நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அதற்கு மேலும் பல மடங்கு கூடினால் இரண்டொரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்தி நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல.

இந்த விவரங்கள் எங்கும் எழுதப்படவில்லையா? எழுதப்பட்டிருக்கின்றன. சல்பைடு மூட்டையோடு ‘எம்.எஸ்.டி.எஸ்.’ என்று தொழிற்சாலைகளில் சொல்லும் பாதுகாப்புத் தகவல் தாள் வருகிறது. உலகம் முழுவதும் அதற்கு ஒரே அமைப்பு; பதினாறு பிரிவுகள். முதலுதவி நான்காம் பிரிவில் இருக்கும். எப்படிக் கையாள வேண்டும் என்பது ஏழாவதில். எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பத்தாவதில். போக்குவரத்து, ஒழுங்குமுறை, சட்டக் குறிப்புகள் என்று அதற்குப் பிறகும் நீளும். எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

அந்தத் தாள் தவறானது அல்ல. விஷமுறிவு பார்க்கும் மருத்துவருக்கும், லாரி கவிழ்ந்தால் வரும் தீயணைப்பு அதிகாரிக்கும் அது தேவை. மூட்டையைப் பிரிப்பவரை மனத்தில் வைத்து அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் மாட்டியதும் கடமை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் கோளாறு.

தொட்டியின் விளிம்பில் இருக்க வேண்டிய பக்கம் வேறு மாதிரியானது. ஏறக்குறைய இப்படி:

‘தொட்டிக்குள் இறங்காதீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்து, சீட்டில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்க வேண்டும். வாடை இல்லை என்றால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கத்திக் கூப்பிடுங்கள், கயிற்றைப் பிடித்து இழுங்கள்.’

கடைசி வரி மிகைப்படுத்தல் இல்லை. மூடிய தொட்டிகளில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. கூட வேலை செய்பவர் கண் முன்னே சாயும்போது யாரும் பதினாறு பிரிவுகளைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். முன்பே பத்து முறை படித்த ஒரு வரி மட்டும்தான் அப்போது நினைவுக்கு வரும்.

சட்டம் சொன்னது, சொல்லாமல் விட்டது

1984 டிசம்பரில் போபால் நடந்தது. அந்த ஆலையின் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன, தொழிலாளர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது பின்னர் வந்த பல பதிவுகளில் இருக்கிறது. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்துகளைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் ஆலை உரிமையாளர் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 41-பி பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் இடம்பெற்றது. புதிய தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது.

அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று பழைய சட்டத்தின் 108-வது பிரிவு சொன்னது. நல்ல விதிதான். ஆனால் ‘பெரும்பான்மை’ என்ற அளவுகோல் நம் வட்டாரத்துக்குப் போதுமா?

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு சுவரொட்டி அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது கட்டுமானத்தின், கண்காணிப்பின் தோல்வி. ஆனால், தமிழில் எழுதி ஒட்டிவிட்டாலே எல்லோருக்கும் எழுதியாகிவிட்டது என்ற நம்பிக்கையை அந்தச் சம்பவம் கேள்விக்கு உள்ளாக்குகிறது. இன்று டிரம் பிரிவில் தமிழும் உருதும் இந்தியும் வங்காளமும் கேட்கிறது.

விவசாயிக்குச் சட்டம் இதைவிட நன்றாக எழுதியிருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் அளவைக் காட்டும் சாய்சதுரம் கட்டாயம். உள்ளே வட்டார மொழியில் துண்டறிக்கையும் இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் சிவப்பைப் பார்த்தால் கையை இழுத்துக்கொள்வார். தோல் தொழிலில் பயன்படும் வேதிப்பொருள்கள் ஏறக்குறைய 170 வகை என்று 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி தந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அந்த 170-க்கும் இப்படி ஒரு வண்ணக் கட்டத்தை, தொழிலாளி பார்த்ததும் புரிந்துகொள்ளும் எளிமையோடு, இன்றுவரை நாம் பழக்கப்படுத்தவில்லை.

ஃபைல் அறையின் நாள்

இந்த எழுத்து வேலையைச் செய்பவர்களைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது.

தொழிற்சாலை அலுவலகத்தின் ஒரு மூலையில் ‘டாக்குமென்டேஷன்’ அல்லது ‘கம்ப்ளையன்ஸ்’ என்று பலகை மாட்டிய சின்ன அறை இருக்கும். வேதியியலோ வணிகவியலோ படித்த ஓர் இளைஞர், பல இடங்களில் ஓர் இளம்பெண், உள்ளே இருப்பார். டிரம் ரெஜிஸ்டரைப் பார்த்துப் படியெடுப்பது, கையுறை கொடுத்த கணக்கு, கழிவுநீர் மீட்டர் அளவு, தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி, பயிற்சி நடந்ததற்கான கையெழுத்துப் பட்டியல், பையர் அனுப்பும் நீண்ட கேள்வித்தாள் எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

ஆடிட் தேதி வந்துவிட்டால் அந்த அறையில் இரவு விளக்கு அணையாது. விடுபட்ட பக்கங்கள் நிரம்பும். மூன்று மாதக் கையெழுத்து ஒரே பேனாவில், ஒரே சாய்வில் வரிசையாக இறங்கும். ஆடிட் செய்ய வருபவருக்கும் இது தெரியாமல் இல்லை. அவரிடம் இருப்பது இரண்டு நாள். அவர் டிக் அடிக்க வேண்டிய கட்டங்களோ நூற்றுக்கணக்கு.

காகிதம் சுத்தமாக இருந்தால் தொழிற்சாலையும் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2012 செப்டம்பர் 11-ல் கராச்சி காட்டியது. அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன, ஜன்னல்களில் கம்பி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. ஃபைல்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஃபைல் அறையில் இருப்பவர்மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. அவர் கேட்கப்பட்டதை எழுதுகிறார். டிரம் பிரிவுக்குள் போய் நின்று பார்க்க அவருக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. போகச் சொல்வாரும் இல்லை. எந்த வால்வு ஒழுகுகிறது, எந்தக் கால்வாயில் இரண்டு தண்ணீரும் கலக்கிறது என்பதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும். எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பது ஃபைல் அறைக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசிய நாள் அநேகமாக இருக்காது.

இதில் சாதியும் இருக்கிறது என்பதை மூடி மறைக்க வேண்டாம். பச்சைத் தோலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் கையாளும் ஈர வேலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இப்போது அவர்களோடு வடமாநில இளைஞர்கள். அவர்களுடைய கைக்குத் தெரிந்த அறிவை யாரும் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. ரெஜிஸ்டரில் அவர்களுடைய கைரேகைக்கு இடம் இருக்கிறது, அவர்கள் சொல்லும் வாக்கியத்துக்கு இடமில்லை.

ஷூ கம்பெனிகளில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பெரும்பாலும் பெண்கள். மேல்தோலை ஒட்டும் பசையில் கரைப்பான்கள் இருக்கின்றன; மூடிய அறையில் நாள் முழுவதும் சுவாசித்தால் தலைவலியில் தொடங்கி நரம்புவரை பாதிக்கும் வகைகளும் அவற்றில் உண்டு. டின்னின்மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் எல்லாம் போட்டிருக்கிறது, அயல்மொழிகளில். இத்தாலியிலிருந்தோ தைவானிலிருந்தோ வரும் இயந்திரத்தின் கையேடு மேலாளர் அறை அலமாரியைத் தாண்டுவதில்லை. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் பழகுகிறார். முதலாமவர் தவறாகப் பழகியிருந்தால் அந்தத் தவறும் வரிசையாகக் கைமாறுகிறது.

மென்பொருள் நிறுவனத்தில் எப்படி?

மென்பொருள் நிறுவனத்து டெக்னிக்கல் ரைட்டரின் வாழ்க்கை சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கும் அவர் கடைசி ஆள்தான். டெவலப்பர் ஒரு பொத்தானை இடம் மாற்றுவார். ரைட்டருக்குச் சொல்ல மறந்துவிடுவார். வெளியீட்டுத் தேதி மட்டும் மாறாது. கையேடு சரியாக இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், ஒரு படம் தவறிப்போனால் எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும், அங்கே சில பழக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. எழுதுவதற்கு முன் ‘இதைப் படிக்கப்போவது யார்?’ என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல்தான். எச்சரிக்கையைச் செயலுக்கு முன்னால் சொல்கிறார்கள். ‘அமிலத்தை ஊற்றவும்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் ‘அதற்கு முன் கண்ணாடி அணியவும்’ என்று எழுதுவதில்லை. எழுதியதை ஒரு புதியவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கிறார்கள். தடுமாறினால் எழுத்தைத்தான் திருத்துவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் பதிப்பு எண்ணும் உண்டு. பழைய தாள் புழக்கத்திலிருந்து எடுக்கப்படும்.

ஒரு மொபைல் செயலியில் கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி என்று சொல்வதற்கே இவ்வளவு பாடு. சல்பைடு மூட்டைக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

தமிழில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணம் மானிப்பாயை நினைத்துக்கொள்ளலாம். 19-ம் நூற்றாண்டில் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், உடற்கூறு முதலான மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழ் வழியிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். அறுவை சிகிச்சையை அன்றே தமிழில் சொல்லிக் கொடுக்க முடிந்திருக்கிறது. டிரம் கழுவுவது அதைவிடக் கடினமா என்ன?

காசு விஷயமும்தான்

முதலாளிகள் கேட்பார்கள்: இதனால் எங்களுக்கு என்ன லாபம்? நியாயமான கேள்வி.

2015 மே 1 முதல், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. நம் தொழிற்சாலைகளில் பயன்படுத்துவது இந்த நச்சு வகை குரோமியம் அல்ல. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். ஆனால் தோலில் காரத்தன்மை கூடினாலோ, சில வகைக் கொழுப்பெண்ணெய்கள் சேர்ந்தாலோ, கண்டெய்னரில் வாரக்கணக்கில் வெந்தாலோ, ஒரு பகுதி நச்சு வகையாக மாறிவிடக்கூடும். இங்கே சோதனையில் தேறிய சரக்கு அங்கே போய் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க அன்றைய டிரம் ரெஜிஸ்டர்தான் ஒரே சாட்சி. அமில அளவை உண்மையிலேயே தாள் நனைத்துப் பார்த்து எழுதினார்களா, முந்தைய நாள் எண்ணையே எழுதிவிட்டார்களா? எதற்காக அந்த எண் கேட்கப்படுகிறது என்று தெரிந்தவர் பார்த்து எழுதுவார். தெரியாதவர் கட்டத்தை நிரப்புவார். ஒரு கண்டெய்னர் திரும்பி வந்தால் ஆகும் நஷ்டத்தில், விளக்கமாக எழுதத் தெரிந்த ஒருவருக்குப் பல ஆண்டுச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த அளவில் புதியவர்கள் தொழிலுக்கு வரும்போது, ஒருவரைப் பார்த்து மற்றவர் பழகும் முறை தாங்காது.

செயலி எழுதித் தராதா?

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி இது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஆங்கிலத் தாளைப் போட்டால் ஒரு நொடியில் தமிழ் வந்துவிடுகிறதே, இதற்கு ஒரு ஆளா? மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பதும் இதே கேள்விதான்.

வரும். பதினாறு பிரிவுகளை இரண்டு பக்கமாகச் சுருக்கவும் அது உதவும். உதவியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தொழிற்சாலையில் மூன்றாம் நம்பர் டிரம்மின் வடிகால் எந்தத் தொட்டியில் போய்ச் சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. மேஸ்திரியைக் கேட்க வேண்டும். அந்தத் தொட்டியருகே நின்று பார்க்க வேண்டும். எழுதிய தாளைப் பீகாரிலிருந்து போன மாதம் வந்த பையனிடம் காட்டி, ‘இப்ப நீ என்ன செய்வ?’ என்று கேட்க வேண்டும். ஒரு சொல் மாறி ‘ஊற்றவும்’, ‘ஊற்றாதீர்கள்’ ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

தட்டச்சு செய்வதற்கு மட்டும் வைத்திருக்கும் வேலைகளைச் செயலி எடுத்துக்கொள்ளும். கேட்டு, பார்த்து, சோதித்து எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளாது என்பது என் கணிப்பு.

என்ன செய்யலாம்?

எல்லாத் தாளையும் திருத்தக் கிளம்பினால் எதுவும் நடக்காது. உயிர் போகக்கூடிய இடங்களை மட்டும் முதலில் எடுக்கலாம்: கழிவுத் தொட்டியில் இறங்குதல், சல்பைடும் அமிலமும் கையாளுதல், டிரம்முக்குள் ஆள் நிற்கும்போது சுழற்றாதிருத்தல், ஷூ கம்பெனியில் பசை அறை, கொதிகலன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். தமிழ், உருது, இந்தி, வங்காளம், பெரிய எழுத்து, படம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே இரண்டு நிமிட ஒலிப்பதிவாகக் கைபேசியில் அனுப்பலாம்.

இதை ஒவ்வொரு தொழிற்சாலையும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. வேதியியல் பக்கத்தைச் சரிபார்க்கச் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இருக்கிறது. உடல்நலப் பக்கத்தைச் சரிபார்க்க வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உறுப்பினராக இருக்கும் தொழிற்சாலைகள் சந்தா போட்டுக் கழிவுநீரைச் சேர்ந்து சுத்திகரிக்கும்போது, ஐந்து பக்கத்தைச் சேர்ந்து எழுதுவது பெரிய செலவில்லை. பொதுவான வரைவு ஒன்று. அந்தந்தத் தொழிற்சாலையின் டிரம் எண்ணும் தொட்டி எண்ணும் மட்டும் உள்ளூரில் சேர்க்க வேண்டும்.

எழுதுபவர் வாரத்தில் ஒரு நாளாவது டிரம் பிரிவில் நிற்க வேண்டும் என்பதை வேலை விவரத்திலேயே சேர்க்க வேண்டும். மேஸ்திரியும் ஈர வேலைத் தொழிலாளர்கள் இருவரும் ஒப்புதல் தராமல் எந்தத் தாளும் சுவரேறக் கூடாது. அவர்கள் அதற்குச் செலவழிக்கும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. முதலாளிகளுக்கு இந்த யோசனைதான் கொஞ்சம் கசக்கும். ஆனால் பலன் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாடு அரசுக்கு மூன்று வேலை. புதிய தொகுப்பின் கீழ் வகுக்கும் விதிகளில், பெரும்பான்மையினரின் மொழி என்பதோடு நிறுத்தாமல், ஒரு பிரிவில் பத்துப் பேர் பேசும் மொழி எதுவானாலும் அதிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று சேர்க்கலாம். ஆய்வுக்குப் போகும் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி, ஃபைலைக் கேட்பதற்கு முன், தொழிலாளி ஒருவரை அழைத்து ‘தொட்டியில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, அந்தப் பதிலை அறிக்கையில் எழுத வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். மூன்றாவது வேலை, 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தமிழில் தொழில்நுட்ப எழுத்து என்று ஒரு பாடத்தைச் சேர்ப்பது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், வேலூர் கல்லூரிகளில் வேதியியலும் தமிழும் உருதும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பறை கல்லூரியில், செய்முறை தொழிற்சாலையில்.

ஐரோப்பிய பையர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு நான்கைந்து ஆடிட், ஒவ்வொன்றிலும் வேறு வேறு படிவத்தில் ஒரே கேள்விகள். அந்தப் படிவங்களை ஒன்றாக்கினால் ஃபைல் அறையில் பாதி நேரம் மிஞ்சும். மிஞ்சிய நேரத்தில் அங்கே இருப்பவர் தொழிலாளிக்கு எழுதுவார்.

தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டிய அடுத்த தேதி ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தெரியும். அந்தத் தேதிக்கு முன்னால் மேஸ்திரியைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஒரு பக்கத்தை எழுதி ஒட்டிவிடுங்கள். ஆடிட் ஃபைலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.